அப்பாவையே கேட்டுடலாம்

"மசமசன்னு இழுக்காம சீக்கிரம் முடிடா. வேன் வந்து அரை மணி நேரமாச்சு. அவன் ஹாரன் அடிச்சே என் உயிரை எடுக்கறான்."

அக்கா கட்டிலுக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தாள். தம்பி தரையில் சம்மணமிட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"கரண்டைக் குறைக்கிற ரெசிஸ்டர் போடாம விட்டா, பேட்டரி மாட்டின உடனே எல்இடி லைட்டு பொசுக்குனு போயிடும்க்கா. அப்புறம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

கட்டிலில் அப்பா படுத்திருந்தார். தையல்காரர். பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பேச்சு போய்விட்டது, கழுத்து திரும்பாது. கத்தரி பிடித்த வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் இன்னும் அவர் சொன்னபடி கேட்கின்றன.

அப்பா இனி மகள் வீட்டுக்குப் போவதா, மகன் வீட்டிலேயே இருப்பதா? காலையிலிருந்து இதே பேச்சு.

"மூணு மாசம் நீ பார்த்தது போதும்டா. பொண்ணுன்னு நான் எதுக்கு இருக்கேன்? நான் கூட்டிட்டுப் போறேன்."

"அதெப்படிக்கா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவரை அனுப்பிட்டு, என் தொண்டையில சோறு இறங்குமா?"

பாசத்தில் இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கண்ணைச் சிமிட்டச் சொல்லி அப்பாவிடம் கேட்டும் பார்த்தார்கள். ஒரே சிமிட்டலுக்கு அக்கா ஓர் அர்த்தம் சொன்னாள், தம்பி வேறு அர்த்தம் சொன்னான். கடைசியில், "சந்தேகமே வராத மாதிரி ஒண்ணு செஞ்சு தரேன். அப்பாவையே கேட்டுடலாம்" என்று தம்பிதான் டப்பாவோடு உட்கார்ந்தான். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டு உட்காருவது ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குப் பொழுதுபோக்கு.

"இதோ பாருக்கா, ரெண்டு பட்டன். ஆள்காட்டி விரலால அழுத்தினா ஆமாம், பச்சை எரியும். கட்டை விரலால அழுத்தினா இல்லை, சிவப்பு எரியும்."

"லைட்டை எங்கே வைக்கப் போறே?"

"தலைமாட்டு அலமாரியில. அவர் கண்ணுல அடிச்சா தொந்தரவுதானே? நாம பார்த்தாப் போதும்."

பட்டன்களிலிருந்து வந்த இரண்டு ஒயர்களையும் டப்பாவுக்குள் செருகி, ஸ்க்ரூவை முடுக்கினான். பேட்டரியை மாட்டி, டப்பாவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு பட்டனைத் தட்டினான். ஒன்றும் எரியவில்லை.

"சே, பேட்டரி செத்துப் போச்சு. முக்குக் கடையில வாங்கிட்டு வந்துடறேன்."

"ஓடு, ஓடு!"

அவன் திரும்பி வருவதற்குள் வேன்காரன் நான்கு தடவை ஹாரன் அடித்துவிட்டான். அக்கா அப்பாவின் கையைப் பட்டன்கள் மேல் எடுத்து வைத்து, குளிரும் என்று போர்வையை இழுத்து மூடியிருந்தாள். தம்பி மூச்சு வாங்க வந்து புதுப் பேட்டரியை மாட்டினான்.

"சோதிச்சுப் பார்க்க நேரமில்லைக்கா."

"எதுக்குடா சோதனை? உன் வேலை மேல எனக்கு நம்பிக்கை இல்லையா என்ன?"

மூடியைப் போட்டு டப்பாவை அலமாரியில் வைத்தான். அக்கா அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"அப்பா, ஆள்காட்டி விரல் ஆமாம், கட்டை விரல் இல்லை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. என்கூட வந்துடறீங்களா?"

வெளியே மறுபடியும் ஹாரன். அக்கா நகத்தைக் கடித்தாள். தம்பிக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அப்பா கண்ணை மூடினார். போர்வை லேசாக அசைந்தது.

சிவப்பு எரிந்தது.

"நான் என்னப்பா குறை வச்சேன்? உங்களுக்குப் பையன்தான் ஒசத்தியா?" அக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

தம்பிக்கு முகம் பேயறைந்தாற்போல் ஆகிவிட்டது. "இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமாக்கா?"

"வேணாம்டா. அவரே சொன்னதுக்கப்புறம் நான் யாரு? நல்லாப் பார்த்துக்கோ." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே போய் வேனில் ஏறினாள்.

தெருமுனை தாண்டியதும் கணவனுக்குப் போன் போட்டாள்.

"பயப்படாதீங்க, நான் மட்டும்தான் வரேன். நான்னா அவருக்கு உயிராச்சே, வரேன்னுதான் அழுத்தியிருப்பாரு, பாவம். அதான் அவன் பேட்டரி வாங்கப் போன நேரத்துல, ரெண்டு ஒயரையும் கழட்டி இடம் மாத்திப் போட்டுட்டேன்."

வீட்டில் தம்பி டப்பாவைத் திறந்தான். 'இல்லை' என்று அப்பா அழுத்தினால் பச்சை எரியட்டும், அக்காவோடு போய்த் தொலையட்டும் என்று அவன் தெரிந்தே மாற்றி மாட்டியிருந்த இரண்டு ஒயர்களும், இப்போது அதனதன் சரியான இடத்தில் இருந்தன.