மாட்டாத ஷெல்ஃப்

ட்ரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டு அவன் சுவரை நோக்கி நடந்தபோது, மனைவி குறுக்கே வந்து நின்றாள். கையில் கரண்டி, கண்ணில் முட்டிக்கொண்டு கண்ணீர்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாளாவது அந்தச் சுவரை விட்டுவைங்க. இன்னொரு புகார் வந்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவேன்னு ஓனர் நேத்துதானே கத்திட்டுப் போனாரு?"

"அப்ப ஷெல்ஃப் மாட்ட வேண்டாமா?" என்றான் அவன், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

ஷெல்ஃபாம் ஷெல்ஃப்! வாங்கி வந்த பலகை பிரிக்கப்படாமலே கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அளவெடுக்க ஒரு டேப்பைக்கூட அவன் கையால் தொட்டதில்லை. காலையில் பல் தேய்ப்பதுபோல, எழுந்ததும் பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் பொதுவான சுவரில் ஒரு ஓட்டை போடுவான்.

சுவர் சல்லடையாகிவிட்டது. அதை மறைக்க அவள் உல்லன் நூலில் பூப் பின்னி, பழைய வளையல்களில் பட்டுநூல் சுற்றி, ஓட்டைக்கு ஒன்றாக மாட்டிவைத்தாள். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் "என்ன ஒரு கைவேலை!" என்று வாயைப் பிளந்தார்கள். அவள் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் புகுந்துகொள்வாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ரிட்டையரான பஸ் கண்டக்டர் ஒருவர் தனியாக இருந்தார். மனைவி இறந்தபிறகு மனிதர் யாருக்கும் கதவைத் திறப்பதில்லை. காலிங்பெல் ஒயரைக்கூடப் பிடுங்கிப் போட்டுவிட்டார். ஒருநாள் மாடிப்படியில் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே என்று, இவன் மறுநாள் போய்க் கதவைத் தட்டி, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று பதவிசாகத்தான் கேட்டான்.

"ஏன், செத்துட்டேனான்னு பார்க்க வந்தியா? இனிமே இந்தக் கதவைத் தட்டினே, நடக்கிறதே வேற!" என்று முகத்தில் அடித்தாற்போல் சாத்தினார் கண்டக்டர்.

அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போய் இந்த மெஷினை வாங்கி வந்தான் அவள் புருஷன். யாரோடும் வாய்ச்சண்டைகூடப் போடாத மனுஷனுக்கு இவ்வளவு ரோஷமா என்று முதலில் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்போது பயம்தான் மிச்சம். இதே வாடகைக்கு, பெண்ணின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே, இன்னொரு வீட்டுக்கு எங்கே போவது?

அவளை மெல்ல விலக்கிவிட்டு, அவன் மெஷினைச் சுவரில் வைத்து அழுத்தினான். பல்லெல்லாம் கூசியது. நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

வழக்கமாக இந்த இடத்தில் அந்தப் பக்கமிருந்து சுவரில் மடாரென்று ஒரு குத்து விழும். கூடவே, நெரிசல் பஸ்ஸில் கத்தியே பழகிய தொண்டை, "டேய் எருமை! உனக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று ஆரம்பித்து, அச்சில் ஏற்ற முடியாத இடங்களுக்கெல்லாம் போய்வரும். இவனோ பரிசு விழுந்தவன்போல முகம் மலர்ந்து, மெஷினை மூட்டைகட்டிவிட்டுக் காபி கேட்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று சத்தமே இல்லை.

மறுபடியும் அழுத்தினான், இந்த முறை நீளமாக. தூசி கிளம்பி உல்லன் பூக்களின் மேல் படிந்தது. அந்தப் பக்கம் ஒரு செருமல்கூடக் கேட்கவில்லை.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. "அப்பாடா! நான் போட்ட கணக்கு சரியாப் போச்சு. நேத்து சாயங்காலம் வெண்ணெய் பிஸ்கெட் செஞ்சேன்ல, அதுல ஒரு டப்பா நிறைய போட்டு அவர் வாசல்ல வெச்சுட்டு வந்தேன். மனசு இளகிட்டாரு போல."

"எடுத்துக்கிட்டாரா?" சட்டென்று திரும்பினான் அவன்.

"அதை நான் நின்னு பார்த்துட்டா இருக்க முடியும்?"

அவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். பக்கத்து வாசலில் டப்பா வைத்தது வைத்தபடியே இருந்தது. அதன்மேல் இன்றைய பேப்பர் விழுந்து கிடந்தது. அவன் முகம் கறுத்துப்போனது. உள்ளே ஓடிவந்தவன், கருவிப் பெட்டியைத் தரையில் கவிழ்த்து, இருப்பதிலேயே பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு பாய்ந்தான்.

அவள் பின்னாலேயே வாசலுக்கே ஓடி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, பிஸ்கெட் போனா போகட்டுங்க! சுத்தியலைத் தூக்கிட்டுப் போற அளவுக்கு அந்த மனுஷன் இப்ப என்ன பண்ணிட்டாரு? இன்னிக்கு உங்களை ஒரு வார்த்தைகூடத் திட்டலையே!"

"அந்தத் திட்டைக் கேட்கத்தானே தினமும் ஓட்டை போட்டேன்... விடு, கதவை உடைக்கணும்!"