அச்சாபீஸ் கோளாறு

என் நெயில் பாலிஷ் குறைந்துகொண்டே வந்தது. நிறமில்லாத பாலிஷ், அதையும் நான் மாதத்துக்கு ஒரு தடவைதான் தொடுவேன். பாட்டில் பாதிக்கு இறங்கியிருந்தது.

சனிக்கிழமை காலை ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். என் வீட்டுக்காரர் தன் ரிப்பேர் ரூமில், பூதக்கண்ணாடியும் கையுமாக, ஒரு சீட்டுக்கட்டுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சீட்டிலும் முன்பக்க ஓரத்தில் கடுகளவு புள்ளிகள். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஆராய்ச்சி."

போன வாரமும் ஆராய்ச்சிதான். உயிராக வைத்திருந்த கையடக்க வீடியோ கேமைப் பிரித்து, திரையைக் கழற்றி, பழைய போன் கேமரா ஒன்றை அதோடு சேர்த்து ஒட்டினார். அந்த கேமில் கடைசி லெவலைத் தாண்டிய அன்று, ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த என்னை போன் போட்டு வெளியே வரவைத்த மனுஷர்! ஏன் பிரிச்சீங்க என்றால் ஒரு சிரிப்பு.

ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் போக்கர். இவர், கணக்கு வாத்தியார், பஸ் டிரைவர், டெய்லர். காசு கிடையாது. டெய்லர் கொண்டுவரும் கோட் பட்டன்கள்தான் பந்தயம். தோற்றவர் டீ கப் கழுவ வேண்டும். இதுக்குப் போய் ஒரு கள்ள ஆட்டமா?

அன்று டீ கொண்டுபோனபோது பார்த்தேன். டெய்லர் கோழி மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஆள் சீட்டை எட்டிப் பார்க்கிறாரோ?

சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்த வாத்தியாரின் கை நின்றது. ஒரு சீட்டைத் தடவினார். அடுத்ததையும் தடவினார்.

"யாருய்யா இதுல குறி வச்சது?"

டெய்லர் வாயைத் திறந்தார். மேஜைக்கு அடியில் என் வீட்டுக்காரர் அவர் காலை மிதித்ததை நான் பார்த்தேன்.

"நான்தான் சார்," என்றார் இவர்.

"எதுக்கு?"

"ஜெயிக்கத்தான்."

கூட்டுக் களவாணிகள்! எனக்கு மானமே போயிற்று.

வாத்தியார் யாருக்கும் அரை மார்க் சும்மா போட்டதில்லை. கட்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பட்டனுக்கே இந்தப் புத்தின்னா! இனிமே உங்களோட ஆட்டம் கிடையாது."

டிரைவர் பாதி டீயோடு எழுந்து போனார். கடைசியாகக் கிளம்பிய டெய்லரிடம் இவர் ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே அந்த வீடியோ கேம் திரை.

"பங்கு பிரிச்சாச்சா?" என்று கேட்டேன்.

அன்று எல்லாக் கப்பையும் அவரே கழுவினார்.

புதன்கிழமை தலையணை உறை வாங்க டெய்லர் கடைக்குப் போனேன். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் போனேன்.

டெய்லர் மெஷினில் குனிந்திருந்தார். ஊசிக்குப் பக்கத்தில் அதே திரை. அதில் ஊசி விரல் பருமனுக்குத் தெரிந்தது.

நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்து, "யாரு?" என்றார்.

அவர் மனைவி அவசரமாக வந்து கடைக் கதவைச் சாத்தினார்.

"கண்ணுல நடுப்பார்வை போயிருச்சும்மா, ஓரப்பார்வைதான் இருக்கு. ஊசி போட்டுக்கிட்டிருக்கோம். ஆறு மாசத்துல கொஞ்சம் திரும்பும்னு டாக்டர் சொல்றார். அதுக்குள்ள வெளிய தெரிஞ்சா யாரு துணி குடுப்பா? கடையை மூட வேண்டியதுதான்."

"அண்ணே, அப்ப அந்தப் புள்ளி..."

"எனக்காக வச்சதும்மா. தடவிப் பார்த்துதான் ஆடறேன். உண்மையைச் சொல்லிடறேன்னா உங்க வீட்டுக்காரர் விட மாட்டேங்கறார். 'எனக்குப் பேருதான் போகும், உங்களுக்குப் பொழப்பே போயிரும்'னுட்டார்."

வழியெல்லாம் அழுகை முட்டியது. வீட்டுக்கு வந்து, "பாலிஷ் தீர்ந்தா சொல்லுங்க, வேற வாங்கித் தர்றேன்," என்றேன்.

இவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "இனிமே எதுக்கு? ஆட்டம்தான் இல்லையே."

ஞாயிறு மத்தியானம் காலிங் பெல் அடித்தது. வாசலில் வாத்தியார். பின்னால் டிரைவரும் டெய்லரும்.

"தப்பு என் மேலதான்!" தெருவுக்கே கேட்கும்படி வாத்தியார் சொன்னார். "அதே கடையில வேற கட்டு வாங்கினேன். அதுலயும் அதே புள்ளி, அதே எடத்துல! அச்சாபீஸ் கோளாறு. இந்த மனுஷன் வீறாப்புக்கு 'நான்தான்'னு சொல்லியிருக்கார்."

இவர் திருதிருவென்று விழித்தார். வாத்தியார் உட்கார்ந்து சீட்டைப் போட்டார்.

டீயை வைக்கும்போது டிரைவர் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் புள்ளி, ஒன்றுகூட இடம் மாறவில்லை. திருடுகிறவன் சீட்டின் முதுகில்தானே குறி வைப்பான், இது ஏன் முன்பக்கம் இருக்கிறது என்று கணக்கு வாத்தியார் வாரம் முழுக்க உட்கார்ந்து போட்ட கணக்கு அது. விடை, டெய்லரின் விரல்.

ஆனால் அவர் வீட்டில் நிறமில்லாத பாலிஷ் இல்லை போலிருக்கிறது. அத்தனை புள்ளியும் செக்கச்செவேல் என்று இருந்தன. வாத்தியாரின் கட்டைவிரலிலும் அதே சிவப்பு.

டிரைவர் புள்ளியைப் பார்த்தார், வாத்தியாரின் விரலைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

டெய்லர் தன் சீட்டுகளை நிதானமாகத் தடவினார். முகம் மலர்ந்தது.

"கோளாறுன்னாலும் நேர்த்தியான கோளாறு சார். கண்ணுக்கே தெரியல பாருங்க!"

"ஆமாமா, தெரியவே இல்ல," என்றோம் நாங்கள் நாலு பேரும்.