பின்சீட்

குடித்துவிட்டால், காலித் துப்பாக்கியை வடிவின் பிடரியில் வைத்து விசையை அழுத்திச் சிரிப்பது துரைக்கண்ணுவின் வழக்கம். அவனைப் புதைத்த மறுவாரம், அதைத் திருப்பத்தூர் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வடிவு புதூர்நாட்டிலிருந்து கிளம்பினாள். தோட்டாக்களைத் தனியாகச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டியிருந்தாள். தம்பி இளவழகன் ஜீப்பை ஓட்டினான்.

மலைப்பாதைச் சோதனைச்சாவடியில் ஏட்டு அவள் மடியிலிருந்த பையைத் திறந்து பார்த்தார்.

"லைசென்ஸ் யார் பேர்லமா?"

"எங்க வூட்டுக்காரர் பேர்லங்க."

"அப்ப நீங்க எடுத்துட்டுப் போனா கேஸ் ஆய்டும். அவர் எழுதிக் குடுத்திருக்கணும், இல்ல கூடவே வரணும்."

புருஷன் செத்துவிட்டதைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் ஏட்டு குனிந்து ஜீப்புக்குள் பார்த்தார்.

"இன்னாமா, அவரு கூடத்தான் வர்றாருன்னு முன்னாடியே சொல்றதில்ல? அய்யா, உங்க பொருள நீங்களே வெச்சுக்குங்க."

துப்பாக்கியையும் பொட்டலத்தையும் பின்சீட்டுப் பக்கம் நீட்டினார். வெறுங்கையை வெளியே இழுத்துக்கொண்டு, தடுப்பைத் தூக்கச் சொன்னார்.

இளவழகன் கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை எடுத்தான். வடிவு திரும்பவில்லை. முதல் வளைவு தாண்டும்வரை பின்னால் சத்தமே இல்லை. அப்புறம், செய்தித்தாள் நிதானமாகப் பிரியத் தொடங்கியது.