பின்னால் மாரப்பன்

"பின்னால வாடா மாப்ளே! மூஞ்சியக் காட்டிக்கிட்டே வா!"

காதுக்குள் மாரப்பன் கத்தினான். கேட்டவன் வரவில்லை.

செல்போன் விளையாட்டில் அவனுடைய டாங்க் ஒரு சந்துக்குள் நின்றது. ஜெர்மன்காரன் செய்த பேந்தர். இரண்டு பக்கமும் இடிந்த வீடுகள். எதிரே பாலத்தின் மேல் இரண்டு ரஷ்ய டாங்குகள். ஒன்று சுட்டது. முன்தகடு தாங்கிக்கொண்டது.

பேந்தருக்கு முகம் கெட்டி. விலா மெலிசு. முகத்தைக் காட்டியபடியே சுடவேண்டும், அடி விழுந்தால் அப்படியே பின்வாங்கி மறைய வேண்டும். அதுதான் அதை ஓட்டுகிற முறை. மாரப்பன் படித்துப் படித்துச் சொல்லியாயிற்று.

கேட்டும் அவன் முன்னால்தான் போவான். போய்ச் சாவான். மத்தியானத்திலிருந்து அதே கதைதான்.

வலது கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பிடித்து நிறுத்தினால் இடது கால் ஆடத் தொடங்கியது.

லாரிக் கண்ணாடிக்கு வெளியே கல்லுடைக்கிற கிரஷரின் தூசு. வரிசையில் அவன் டிப்பருக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு டிப்பர். அது பின்புறமாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. உச்சியில் கல்லைக் கொட்டிவிட்டு இறங்கிவிடும். பிறகு அவன்.

காலையில் முதலாளி சொன்னார்: கிரஷருக்குக் கல் ஏற்றுகிற நடைக்கு ஆளில்லை, மேட்டுக்குப் போ, முடியாதென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ.

தை மாதத்துக்குப் பிறகு அவன் அந்த மேட்டில் ஏறவில்லை. ஊர்களுக்கு ஜல்லி கொண்டுபோகிற நடைதான் ஓட்டினான். அதுவும் சுற்றித் திரும்ப இடமிருக்கிற ஊராகக் கேட்டு வாங்கினான். பின்னால் எடுக்கவேண்டிய சந்து பொந்து என்றால் வயிறு சரியில்லை என்பான்.

கிரஷர் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. கண்ணாடியில் தூசைத் தவிர ஒன்றும் தெரியாது. பின்னால் நிற்கிற கிளீனர் வண்டியின் பாடியில் கையால் அடிப்பான். இரண்டு அடி என்றால் வா. ஒன்று என்றால் நில்.

தையில் அந்த நாள், அவன் அடிக்குக் காத்திருக்கவில்லை.

தினம் ஏறுகிற மேடு. தெரிந்த இடம்தானே.

வண்டிக்குப் பின்னால், தடத்தில் கிடந்த கல்லைத் தள்ளக் குனிந்திருந்தான் கிளீனர் மாரப்பன்.

இப்போது மாரப்பனுக்கு இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. கட்டிலில் சாய்ந்தபடி நாளெல்லாம் டாங்க் ஓட்டுகிறான். அவன்தான் கூப்பிட்டான். வெட்டியாக் கெடக்கறேன், நீயும் வாடா. அன்றிலிருந்து இரண்டு பேரும் தினமும் பேசுகிறார்கள். டாங்க்கைப் பற்றி மட்டும்.

இன்னொரு குண்டு. திரை சிவந்தது.

"செத்துப்போவே எருமை! வாடா பின்னால!"

"பின்னால நீ நிக்கறயே."

வாயிலிருந்து வந்துவிட்டது. எடுக்க முடியாது.

காதில் செருகிய ஹெட்செட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும். மாரப்பன் வீட்டு மின்விசிறி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிறீச்சிடும்.

அவன் கட்டைவிரலைத் திரையின் மேல் வைத்திருந்தான். அசையவில்லை.

பிறகு கேட்டது.

கட்டில் சட்டத்தில் உள்ளங்கை. டப், டப்.

அவன் யோசிக்கவில்லை. விரல் கீழே இறங்கியது. பேந்தர் சினைமாடு மாதிரி பின்னால் நகர்ந்தது. முன்னால் பாய்வதில் புலி, பின்னால் போவதில் அவ்வளவுதான் அந்த வண்டி. ஒரு குண்டு இடப்பக்கச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போனது.

டப், டப்.

இன்னும் கொஞ்சம்.

டப்.

நிறுத்தினான்.

சுவரின் மூலை அவன் விலாவை மறைத்திருந்தது. பாலத்திலிருந்து வந்த குண்டு வெறும் சந்தில் விழுந்தது. திரையில் பார்வையைப் பின்னால் திருப்பினான். பேந்தரின் வாலுக்கும் மாரப்பனின் டாங்குக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி இருந்தது.

"பாத்தியா," என்றான் மாரப்பன். "நிக்கற எடம் தெரிஞ்சுதான் நிக்கறேன்."

பின்னாலிருந்த டிப்பர் ஹாரனை அழுத்தியது. மேடு காலியாகியிருந்தது.

"என் முறை வந்துருச்சு."

"எங்க?"

"மேட்டுல."

மின்விசிறி இரண்டு சுற்று சுற்றியது.

"போ. உன் வண்டிய நான் பாத்துக்கறேன்."

போனை டேஷ்போர்டின் மேல் வைத்தான். ஹெட்செட்டைக் கழற்றவில்லை. எஞ்சினைக் கிளப்பி, வண்டியை வளைத்து, மேட்டுக்கு முதுகு காட்டி நிறுத்தினான். ரிவர்ஸ் கியர் விழுந்தது. இடது காலைக் கிளட்ச்சிலிருந்து எடுக்கவில்லை.

கண்ணாடித் தூசுக்குள் ஒரு கை ஆடியது. புதுக் கிளீனர், ஒடிசாக்காரன். வா வா என்று வெறுங்கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அவன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"கைய ஆட்டாத! தட்டு!"

புதியவனுக்குப் புரியவில்லை. இவனே தன் கதவின் வெளித்தகட்டில் ஓங்கி இரண்டு அடித்தான், வா என்று சைகை காட்டினான். ஒன்று அடித்தான், கையை விரித்து நிறுத்திக் காட்டினான். புதியவன் தலையாட்டிவிட்டுப் பின்னால் போனான். தூசு அவனை மூடிக்கொண்டது.

"யாரு பின்னால?" மாரப்பன் காதுக்குள் கேட்டான்.

"புது ஆளு."

"பலமாத் தட்டச் சொல்லு." கொஞ்சம் பொறுத்து, "கேக்காம வராத."

வண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஹாரன் மறுபடியும் அலறியது. யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள்.

அவன் வலது காலும் ஆடவில்லை, இடது காலும் ஆடவில்லை.

பாடியில் ஓர் அடி விழுந்தது.

இரண்டாவதுக்காகக் காத்திருந்தான்.