அடுத்த வரி

துபாய், அல் குசைஸ் கிளினிக்கின் ஏசி குளிரிலும் அம்மையப்பனின் உள்ளங்கை வியர்த்து வினாத்தாளில் ஒட்டுகிறது. கட்டட சைட்டில் ஃபோர்மேனை அடித்துவிட்டான். இந்த ஆளுமைச் சோதனையில் தேறினால்தான் மறுபடி டவர் கிரேனில் ஏற முடியும். பேனாவைத் திறக்கிறான், மூடுகிறான். ‘தனியாக இருப்பதே எனக்குப் பிடிக்கும்’ என்கிறது வினாத்தாளின் வரி. ரூமில் எட்டுப் பேரோடு கிடப்பவனுக்கு கிரேன் உச்சியிலுள்ள அந்தக் கேபின்தான் தனிமை, நிம்மதி. “மேடம், இதுக்கு ஆமான்னு போட்டா கிறுக்குன்னு எழுதிருவீங்களா?” “நான் எதுவும் சொல்லக் கூடாதுங்க. மனசுல பட்டதைப் போடுங்க,” என்கிறார் உளவியலாளர் மஹதி, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். “மனசுல பட்டதச் செஞ்சுதானே மேடம் இங்க வந்து உக்காந்திருக்கேன்.” காலை ஆட்டிக்கொண்டே ‘இல்லை’யில் டிக் அடிக்கிறான். கண் அடுத்த வரிக்கு இறங்குகிறது. ‘நான் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.’ ஆடிய கால் நிற்கிறது.