தேன்மொழியின் முதல் குத்து

குத்துச்சண்டை வாத்தியார் தரணிதரன் சார் நின்ற இடத்திலேயே இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆடிக்கொண்டிருந்தார். காலை பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தவர், கொடுத்த டீயைக்கூடத் தொடவில்லை.

"ஏனுங்க, குத்துச்சண்டைன்னா இப்படி ஆடிக்கிட்டே இருக்கோணுமா?" என்று அத்தாயி புருஷனைக் கேட்டாள்.

"ஆடுனாத்தான் அடி மேல உழாதாமா. எல்லாம் பித்தலாட்டம்" என்றார் அருணாசலம்.

நாமக்கல்லில் நடக்கும் பத்து நாள் குத்துச்சண்டை முகாமுக்குப் போவேன் என்று மகள் தேன்மொழி ஒரு வாரமாக உயிரை எடுக்கிறாள். அப்பன் கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். பிள்ளைக்கு அடிபடாது என்று கண்ணெதிரே காட்டினால்தான் கையெழுத்து என்று அருணாசலம் சொல்லிவிட்டார். அதைக் காட்டத்தான் சார் முதன்முதலாகக் கொல்லிமலை ஏறி வந்திருந்தார்.

சார் தேன்மொழியின் தலைக்கு மெத்தை வைத்த கவசம் மாட்டினார். பல்லைக் காக்க ஒரு ரப்பரை வாயில் கடிக்கக் கொடுத்தார். கைக்கு உறை போட்டுக் கயிற்றை இறுக்கினார்.

"மாமா, கைக்குத் தலகாணி கட்டறாங்க. சண்டையா, தூங்கறதுக்கா?" வேடிக்கை பார்க்க வந்து வேலியோரம் நின்ற ஊர்ப்பையன் சென்றாயன் கத்தினான்.

"அடிபடாதுன்னா இத்தனை மூடாக்கு எதுக்குங்க?" அருணாசலம் விடவில்லை.

"மூடியிருக்கறதாலதாங்க அடிபடாது" என்றார் சார், கண்ணை இறுக்கி மூடித் திறந்து. "கண்ணு, தாடையை நெஞ்சோட ஒட்டி வெச்சுக்க. குத்து வர்றப்போ கண்ணை மூடாதே, மூச்சை அடக்காதே. இது பழகறதுக்குத்தான், கால்வாசி பலத்துல குத்துனாப் போதும். யாருக்காச்சும் தலை சுத்துச்சுன்னா ஒரு கையைத் தூக்கோணும். ஒடனே நிறுத்திரலாம்."

தேன்மொழி தலையாட்டிவிட்டு இடது காலை முன்னே வைத்தாள். சார் ஒரு கையைத் தூக்கினார். அதற்குள் அவள் குத்தை விட்டுவிட்டாள். விட்ட வேகத்தில் அவளே அரைச் சுற்றுச் சுற்றி நின்றாள்.

திரும்பிப் பார்த்தால் சார் புல்லில் மல்லாக்கக் கிடந்தார்.

"ஐயோ சாமி!" அத்தாயி தண்ணீர்ச் சொம்போடு ஓடினாள். சாரின் பாக்கெட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு அவள் காலடியில் வந்து நின்றது. "பாத்தீங்களா, மந்திரிச்ச பழம் வெச்சிருக்கறாரு! அதையும் மீறி உழுந்துட்டாரே!"

"கால்வாசிக்கே இந்தக் கதி! முழுசாக் குத்தியிருந்தா ஆளை அடிவாரத்துலதான் போய்ப் பொறுக்கோணும்" என்று சென்றாயன் விசிலடித்தான்.

அத்தாயி சாரின் மூக்கில் கைவைத்துப் பார்த்தாள். "மூச்சு நல்லாத்தான் வருதுங்க."

அதைக் கேட்டதும் அருணாசலத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோள்துண்டு கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் சிரித்தார். தேன்மொழி ரப்பரைக் கடித்தபடி "ம்ம்... ம்ம்..." என்று உறை போட்ட கையை இல்லை இல்லை என ஆட்டினாள். யார் பார்த்தார்கள்?

"எம்புள்ளை குத்துக்கு வாத்தியாரே தாங்கலை. நாமக்கல்லுல இவளை எவ தொட்டுருவா? கொண்டா அந்தக் காயிதத்தை!"

ரப்பரைத் துப்பப் போன தேன்மொழி, அப்பா பேனாவைத் திறந்ததும் அதை மறுபடி இறுக்கிக் கடித்துக்கொண்டாள்.

அருணாசலம் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதி, பன்னிரண்டு, ஐந்து, இரண்டாயிரத்து மூன்று என்று தேதியும் போட்டார். காகிதத்தைச் சாரின் பாக்கெட்டில் அவரே செருகிவிட்டார்.

சார் ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தார்.

"ஏனுங்க, மலையில எழுபது கொண்டை ஊசி வளைவும் முடிஞ்சிருச்சுங்களா?"