உச்சிக்கட்டை

செசிஸ் ஊருக்கு வெளியே விஸ்மா கட்டிய புது வீட்டில் மூன்று பக்கமும் கண்ணாடி. நாலாவது பக்கம் மட்டும் பழைய தானியக் கிடங்கின் மரச்சுவர். கிடங்கைப் பிரிக்கும்போதே தச்சர் தாலிவால்டிஸ் ஒவ்வொரு கட்டையிலும் கோடாலியால் அடையாளம் வெட்டியிருந்தார். அடிக்கட்டைக்கு ஒரு வெட்டு, உச்சிக்கட்டைக்குப் பன்னிரண்டு. அதே வரிசையில் அடுக்கி, காற்றுப் புகாதபடி இடுக்குகளில் காய்ந்த பாசி அடைத்தார்.

ஏப்ரலில் ஒரு காலை அடிக்கட்டையில் இரண்டு வெட்டுகள் இருந்தன. விஸ்மா மூன்று முறை எண்ணினாள். கட்டைகள் பன்னிரண்டுதான். உச்சியில் இருந்ததில் பதின்மூன்று வெட்டுகள்.

தச்சரை வரவழைத்தாள்.

"மரச்சுவருன்னா கொஞ்சம் கீழ உக்காரும்மா. கூரைக்குக் கீழ நாலு விரல் இடம் விட்டிருந்தேன், இப்ப அது கூடியிருக்கும்."

"ஒரு கட்டை முழுசாவா உக்காரும்? ஏறிப் பாருங்க."

ஏணியில் ஏறினார். அதே நாலு விரல் இடைவெளி இருந்தது. உச்சிக்கட்டையைத் தடவினார். விரலில் பச்சை மரத்துப் பிசின் ஒட்டியது.

"வெட்டு என்னோடதுதான். கட்டை எதுன்னு தெரியல."

அப்போது அவர் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, நம்ம வீட்டு உத்தரத்துல எதுக்குக் கோடாலியப் போட்டீங்க? எண்ணிட்டேன், பதினாலு வெட்டு இருக்கு."